இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கான நிதி திரட்டல்

நிதி திரட்டல் என்பது, ஒரு பொதுப்பணிக்குத் தேவையான பணம், பொருள், உழைப்பு ஆகியவற்றைத் தனிநபர்களிடமும் நிறுவனங்களிடமும் அரசிடமும் முறையாகக் கேட்டுப் பெறுவதும், பெற்றதைச் சொன்ன பணிக்கே செலவிட்டுக் கணக்குக் காட்டுவதும் ஆகும். கேட்டல், பெறுதல், செலவிடுதல், கணக்குக் காட்டல் ஆகிய நான்கும் சேர்ந்தே நிதி திரட்டல் எனப்படுகிறது. முதல் இரண்டை மட்டும் செய்யும் அமைப்புக்கு முதல் ஆண்டு பணம் வரலாம். அடுத்த ஆண்டு வருவது கடினம்.

மாலை நேரப் படிப்பகம், நூலகம், முதியோர் இல்லம், இரத்ததானக் குழு, ஏரி காக்கும் குழு எனத் தமிழ்நாட்டில் ஏராளமான சிறிய அமைப்புகள் இயங்குகின்றன. இவற்றில் பல, தொடங்கிய ஒருவரின் கைப்பணத்தில் நடப்பவை. அவரால் இயலாமல் போகும் நாளில் பணியும் நின்றுவிடுகிறது. அதை நம்பியிருந்த பிள்ளைகளோ முதியவர்களோ நடுவழியில் விடப்படுகின்றனர். பணி ஒருவரின் கையைத் தாண்டி நிலைக்க வேண்டுமானால், வரவும் பலரிடமிருந்து வர வேண்டும். அதற்கான அடிப்படைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

இலாப நோக்கற்ற அமைப்பின் வடிவங்கள்

இலாப நோக்கற்ற அமைப்பு என்றால் வரவு செலவில் மீதம் இருக்கக்கூடாது என்று பொருள் அல்ல. மீதத்தை நிறுவனர்களோ உறுப்பினர்களோ பங்கிட்டுக்கொள்ளக்கூடாது. அதை அமைப்பின் நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்பதே பொருள். தமிழ்நாட்டில் இவ்வமைப்புகள் பெரும்பாலும் மூன்று வடிவங்களில் உள்ளன.

1. அறக்கட்டளை: அறக்கட்டளைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்படுவது. அறங்காவலர்கள் இதை நிர்வகிப்பர்.

2. சங்கம்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யப்படுவது. குறைந்தது ஏழு பேர் சேர்ந்து தொடங்க வேண்டும். ஆண்டுப் பொதுக்குழு, தேர்ந்தெடுக்கப்பட்ட செயற்குழு ஆகியவை உண்டு.

3. பிரிவு 8 நிறுவனம்: நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 8-ஆம் பிரிவின்கீழ்ப் பதிவு பெறுவது. கணக்கு விதிகள் கடுமையானவை.

எந்த வடிவமானாலும், அமைப்பின் பெயரில் நிரந்தரக் கணக்கு எண் அட்டையும் வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். செயலாளரின் சொந்தக் கணக்கில் நன்கொடை வாங்குவது, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தவிர்க்க வேண்டிய செயல். அப்பணம் யாருடையது என்று பின்னாளில் மெய்ப்பிக்க வழி இராது.

தமிழ்ச் சூழலில் நிதி திரட்டல்

பொதுப்பணிக்குப் பலரிடம் பொருள் திரட்டுவது தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளில் ஒப்புரவறிதல், ஈகை என்று கொடுப்பதைப் பற்றி இரண்டு அதிகாரங்கள் உள்ளன. இரவு, இரவச்சம் என்று கேட்பதைப் பற்றியும் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. யாரிடம், எப்படிக் கேட்பது என்னும் தயக்கம் அவ்வளவு பழையது.

வீட்டில் சமைக்கும்போது நாளும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, வார இறுதியில் பொதுப்பணிக்குக் கொடுக்கும் பிடி அரிசித் திட்டம் பரவலாக அறியப்பட்டது. ஒரு பிடி அரிசி எந்தக் குடும்பத்துக்கும் சுமையாகாது. ஆனால் நூறு வீடுகள் சேர்ந்தால் ஒரு அன்னதானமே நடக்கும். இன்றைய மாதச் சந்தா முறையின் அடிப்படையும் இதுவே.

காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை என்று முன்கூட்டியே பட்டியல் எடுக்கப்பட்டது. கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், வகுப்பறை, நிலம் எனப் பட்டியலில் உள்ளதை ஊரார் தம் வசதிக்கேற்பத் தந்தனர். பொத்தாம் பொதுவாக ‘உதவுங்கள்’ என்று கேட்பதற்கும், ‘இந்தப் பள்ளிக்கு ஆறு பெஞ்சுகள் தேவை’ என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வியக்கம் காட்டியது. அரசுப் பள்ளிகளுக்காக 2022-இல் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டமும் முன்னாள் மாணவர்களையும் நிறுவனங்களையும் பள்ளியின் தேவைகளோடு இணைக்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் நிலையம், பொதுமக்களின் நன்கொடையைக் கொண்டு வளர்ந்த நிறுவனங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு.

கடல் கடந்த தமிழர்களின் முயற்சிக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கையைச் சொல்லலாம். அதற்கு 60 இலட்சம் அமெரிக்க டாலர் தேவைப்பட்டது. அமெரிக்காவில் வாழும் இரு தமிழ் மருத்துவர்கள் முதலில் 10 இலட்சம் டாலர் அளித்தனர். பின்னர்த் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் வழங்கியது. உலகெங்கும் உள்ள தமிழர்கள் சிறிதும் பெரிதுமாகக் கொடுத்தனர். 2018-இல் இலக்கு நிறைவேறியது. பொது வேண்டுகோளுக்கு முன்பே ஒரு பெரிய தொகை கையில் இருந்தால், ‘இது நடக்கும்’ என்ற நம்பிக்கை மற்றவர்களுக்கு வரும்.

மொய்யும் நன்கொடையும்

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டப் பகுதிகளில் மொய்விருந்து வழக்கம் உண்டு. மொய் திரும்பச் செய்ய வேண்டியது. யார் எவ்வளவு எழுதினார் என்பது நோட்டில் இருக்கும். நன்கொடை அப்படியன்று. கொடுத்தவருக்குப் பணம் திரும்பாது. ஆகவே நன்கொடை வாங்கிய அமைப்பு பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் அது என்ன ஆயிற்று என்ற விவரத்தைத் திருப்பித் தர வேண்டும். மொய் நோட்டை எவ்வளவு கவனமாக எழுதுகிறோமோ, நன்கொடைப் பதிவேட்டையும் அவ்வளவு கவனமாக எழுத வேண்டும்.

கேட்பதற்கு முன்: தேவைக் கணக்கு

முதல் வேலை, தேவை எவ்வளவு என்று தாளில் எழுதுவது. எடுத்துக்காட்டாக, ஒரு சிற்றூரில் 40 மாணவர்கள் பயிலும் மாலை நேரப் படிப்பகத்தின் ஓராண்டுச் செலவு பின்வருமாறு இருக்கலாம்.

- பகுதி நேர ஆசிரியர் இருவர், தலா மாதம் 5,000 ரூபாய், 10 மாதங்கள்: 1,00,000 ரூபாய்
- இட வாடகை, மாதம் 2,000 ரூபாய், 12 மாதங்கள்: 24,000 ரூபாய்
- நோட்டு, புத்தகம், ஒரு மாணவருக்கு 500 ரூபாய்: 20,000 ரூபாய்
- சுண்டல் அல்லது பயறு, ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய், 200 நாள்: 64,000 ரூபாய்
- மின்சாரம், துப்புரவு, சிறு பழுதுகள்: 12,000 ரூபாய்
- தணிக்கை, பதிவுக் கட்டணம்: 10,000 ரூபாய்

மொத்தம் 2,30,000 ரூபாய். 40 மாணவர்களுக்குப் பிரித்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு 5,750 ரூபாய்.

இக்கணக்கால் மூன்று பயன்கள் உண்டு. கேட்கும் தொகைக்குக் காரணம் சொல்ல முடிகிறது. கொடுப்பவர் தம் வசதிக்கேற்ப ஒரு பங்கைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. ஒருவர் ஒரு மாணவரின் ஓராண்டுச் செலவை ஏற்கலாம், மற்றொருவர் ஒரு நாள் சுண்டலுக்கான 320 ரூபாயை ஏற்கலாம். மூன்றாவதாக, ஆண்டு முடிவில் செலவைத் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

தணிக்கைக் கட்டணம் போன்றவற்றைச் சில அமைப்புகள் பட்டியலில் சேர்க்கத் தயங்குகின்றன. அது சரியன்று. மறைக்கப்பட்ட செலவை யாராவது ஒருவர் கைப்பணத்தில் ஈடுகட்ட நேரும். அதுவே பிறகு மனக்கசப்புக்குக் காரணமாகும்.

வரவு வழிகள்

ஒரே வழியை நம்பியிருப்பது ஆபத்தானது. பின்வரும் வழிகளில் இரண்டு மூன்றையாவது கைக்கொள்வது நல்லது.

மாதச் சந்தா: 50 பேர் மாதம் 200 ரூபாய் வீதம் கொடுத்தால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் கிடைக்கும். மேற்கண்ட படிப்பகத்தின் செலவில் பாதிக்கும் மேல் இதிலேயே அடங்கும். 50 பேரில் ஐந்து பேர் விலகினாலும் பணி நிற்காது. ஒரே கொடையாளரிடம் அதே தொகையைப் பெறும் அமைப்புக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

முன்னாள் மாணவர்களும் பயனாளிகளும்: அமைப்பின் பயனை நேரில் கண்டவர்கள் இவர்கள். 20 பேர் ஆண்டுக்கு 2,500 ரூபாய் கொடுத்தால் 50,000 ரூபாய் சேரும். மீதி 60,000 ரூபாயை உள்ளூர்க் கடைக்காரர்களிடமும் மற்றவர்களிடமும் திரட்டலாம்.

பொருள் நன்கொடை: நோட்டு, நாற்காலி, மளிகை போன்றவை. இவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். தேவையில்லாத பொருளைப் பணிவோடு மறுக்கலாம். கிழிந்த துணியும் பழைய பாடநூலும் இடத்தை அடைக்குமே தவிரப் பணிக்கு உதவா.

நிகழ்ச்சிகள்: கலை நிகழ்ச்சி, நடை, ஓட்டம், உணவுத் திருவிழா முதலியன. இவற்றில் செலவைக் கழித்த பிறகு நிற்பதே வரவு. 50,000 ரூபாய் வசூலாகி 40,000 ரூபாய் செலவானால் கிடைத்தது 10,000 ரூபாய் மட்டுமே.

இணையவழித் திரட்டல்: கெட்டோ, மிலாப் போன்ற தளங்கள் வழியாகவும், வங்கிக் கணக்கோடு இணைந்த கியூஆர் குறியீடு வழியாகவும் பெறலாம். தளம் பிடித்துக்கொள்ளும் கட்டணம் எவ்வளவு என்பதை முன்பே பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை இந்தியாவில் தான் உத்சவ் என்னும் கொடை வாரம் கொண்டாடப்படுகிறது. 2009-இல் தொடங்கிய இவ்வாரத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி: நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், அல்லது நிகர இலாபம் 5 கோடி ரூபாய், அதற்கு மேல் உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தருமாறு சட்டம் சொல்கிறது. எனவே அருகிலுள்ள தொழிற்சாலையை அணுகுவதே உகந்தது. இந்நிதியைப் பெற, வருமான வரிப் பதிவுகளோடு, நிறுவனங்கள் விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவும் வேண்டும். நிறுவனம் தானே தொடங்கிய அமைப்பாக இல்லாவிட்டால், பொதுவாக மூன்று ஆண்டுப் பணி அனுபவம் தேவை.

கேட்கும் முறை

நேரில் கேட்பதே மிகச் சிறந்த வழி. அடுத்தது தொலைபேசி, அதற்கு அடுத்தது பெயர் குறிப்பிட்டு எழுதும் கடிதம். நூறு பேருக்கு ஒரே வாட்ஸ்அப் செய்தியை அனுப்புவது எளிது. அதை ஒதுக்கிவிடுவதும் அவ்வளவு எளிது.

வேண்டுகோளில் ஐந்து செய்திகள் இருக்க வேண்டும்: நாம் யார், என்ன பணி, யாருக்குப் பயன், எவ்வளவு தேவை, எப்படிக் கொடுப்பது. ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. தொகையைச் சொல்லத் தயங்கக்கூடாது. ‘உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்’ என்றால், எவ்வளவு கொடுப்பது என்று கேட்கப்பட்டவரே குழம்புவார். ‘ஒரு மாணவரின் ஒரு மாதச் சுண்டல், பயறுக்கு ஏறத்தாழ 130 ரூபாய் ஆகிறது, ஓரிருவருக்கு ஏற்றுக்கொள்ள இயலுமா?’ என்றால் அவரால் முடிவு செய்ய முடியும்.

நிர்வாகக் குழுவினர் தாமே முதலில் கொடுத்திருக்க வேண்டும். ‘நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்?’ என்ற கேள்விக்கு விடை இல்லாதவர் அடுத்தவரிடம் கேட்க முடியாது. ‘இப்போது இயலாது’ என்று சொல்பவருக்கும் நன்றி சொல்லி வர வேண்டும். மறுத்தவர் பின்னாளில் தன்னார்வலராக வருவதும் உண்டு.

வருமான வரி விதிகள்

கீழே குறிப்பிடப்படும் பிரிவு எண்களும் படிவ எண்களும் வருமான வரிச் சட்டம், 1961-ஐச் சார்ந்தவை. 2025-இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் எண்கள் மாறும். ஆகவே பட்டயக் கணக்கரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

12ஏபி பதிவு: அமைப்பின் வரவுக்கு வரிவிலக்குப் பெற இப்பதிவு தேவை. புதிய அமைப்புகளுக்கு முதலில் மூன்று ஆண்டுகளுக்குத் தற்காலிகப் பதிவு தரப்படும். விலக்குப் பெற, ஆண்டு வருமானத்தில் குறைந்தது 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். இயலாவிட்டால் குறிப்பிட்ட நோக்கத்தைத் தெரிவித்து ஐந்து ஆண்டுகள் வரை சேர்த்துவைக்கலாம்.

80ஜி அனுமதி: இது கொடுப்பவருக்குப் பயன் தருவது. பெரும்பாலான தனியார் அறக்கட்டளைகளுக்குக் கொடுக்கும் தொகையில் 50 விழுக்காட்டை, குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்டு, கொடையாளர் தம் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இச்சலுகை இல்லை. பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த தனிநபர்களுக்கும் இல்லை. வரிச் சலுகையை மட்டும் காட்டிக் கேட்பது இதனால் எல்லோரிடமும் எடுபடாது.

10பிடி, 10பிஇ படிவங்கள்: யார் எவ்வளவு கொடுத்தார் என்ற விவரத்தை நிதியாண்டு முடிந்தபின் மே 31-க்குள் 10பிடி படிவத்தில் துறைக்குத் தெரிவித்து, கொடையாளருக்கு 10பிஇ சான்றிதழ் வழங்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கொடையாளர் சலுகையை இழப்பார். அவர் மீண்டும் கொடுப்பது ஐயமே.

பெயர் தெரியாத நன்கொடை: உண்டியலில் விழுவது போலக் கொடுத்தவரின் பெயரும் முகவரியும் பதிவாகாத தொகை, மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு அல்லது 1 இலட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், மிகுதிக்கு 30 விழுக்காடு வரி விதிக்கப்படும். முழுதும் சமயப் பணிக்கான அமைப்புகளுக்கு இதில் விலக்கு உண்டு.

வெளிநாட்டு நன்கொடை

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன்படிப் பதிவோ முன் அனுமதியோ பெறாமல் வெளிநாட்டு நன்கொடையை வாங்குவது குற்றம். பதிவு பெற, அமைப்பு குறைந்தது மூன்று ஆண்டுகள் இயங்கி, அக்காலத்தில் தன் முதன்மைப் பணிகளுக்கு 15 இலட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். 2020 திருத்தத்தின்படி, பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பெற்ற பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது.

இங்கே பலரும் குழம்பும் ஓர் இடம் உண்டு. இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை செய்பவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூரில் ஒப்பந்தப் பணியில் உள்ள நம் ஊர்க்காரர் அனுப்பும் பணம் இவ்வகை. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட தமிழர் அனுப்புவது, அவர் இந்திய வம்சாவளியினர் என்றாலும், வெளிநாட்டு நன்கொடையே. எனவே வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால், அனுப்பியவரின் குடியுரிமையை உறுதி செய்து, கடவுச்சீட்டு நகலை வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

ரசீதும் கணக்கும்

வரும் ஒவ்வொரு தொகைக்கும், பத்து ரூபாயானாலும், வரிசை எண் இட்ட ரசீது தர வேண்டும். ரசீதில் அமைப்பின் பெயர், பதிவு எண், கொடுத்தவரின் பெயர், முகவரி, தொகை, நாள், நோக்கம் ஆகியவை இருக்க வேண்டும். ரொக்கம் வாங்குபவரும் கணக்கு எழுதுபவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது நல்லது. வங்கிக் கணக்கை இருவர் கையெழுத்தில் இயக்க வேண்டும்.

ஒரு நோக்கத்துக்காகக் கேட்டு வாங்கிய பணத்தை வேறு நோக்கத்துக்குச் செலவிடக்கூடாது. வெள்ள நிவாரணத்துக்கு வந்த பணம் மீந்தால், கொடுத்தவர்களுக்குத் தெரிவித்து, அவர்கள் ஒப்புதலோடு மாற்றலாம். வேண்டுகோள் விடுக்கும்போதே ‘மீதமானால் இன்ன பணிக்குப் பயன்படுத்தப்படும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் இச்சிக்கல் எழாது.

நன்கொடை வந்த சில நாட்களுக்குள் நன்றி தெரிவிப்பதும், ஆண்டு முடிவில் ஒரு பக்க அறிக்கை அனுப்புவதும் அமைப்பின் கடமை. அறிக்கையில் வரவு, செலவு, பயன்பெற்றோர் எண்ணிக்கை ஆகியவற்றோடு, நடக்காமல் போனதையும் சொல்ல வேண்டும். ‘40 மாணவர்களில் 6 பேர் இடையில் நின்றுவிட்டனர், காரணம் இது’ என்று எழுதும் அமைப்பின் மற்ற எண்களும் நம்பப்படும்.

நிர்வாகச் செலவு

‘நான் கொடுக்கும் பணம் முழுதும் பிள்ளைகளுக்கே போக வேண்டும்’ என்று கொடையாளர் சிலர் கேட்பது இயல்பு. ஆனால் ஆசிரியரின் ஊதியமும் விளக்கின் மின்கட்டணமும் கணக்கரின் கட்டணமும் இல்லாமல் படிப்பகம் நடக்காது. நிர்வாகச் செலவு சுழியம் என்று சொல்லும் அமைப்பில், அச்செலவை வேறு யாரோ ஏற்கிறார்கள் அல்லது அது வேறு தலைப்பில் எழுதப்படுகிறது. எவ்வளவு, எதற்கு என்று வெளிப்படையாகச் சொல்வதே சரி.

பயனாளிகளின் மதிப்பு

நிதி திரட்டும் ஆர்வத்தில் மிக எளிதாக மீறப்படுவது இது. அழும் குழந்தையின் படத்தையோ, மருத்துவமனைப் படுக்கையில் உள்ளவரின் படத்தையோ ஒப்புதல் இன்றி வெளியிடுவது தவறு. குழந்தைகளின் படத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பெயர், பள்ளி, முகவரி ஆகியவற்றைச் சேர்த்து வெளியிடக்கூடாது. நோட்டு கொடுக்கும்போது மாணவரை வரிசையில் நிறுத்திக் கொடையாளரோடு படம் எடுப்பது பரவலான வழக்கம். ‘இலவசம் வாங்கிய பிள்ளை’ என்ற பெயர் வகுப்பில் நெடுநாள் தொடரும். படிப்பகத்தின் அலமாரியில் நோட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும் படமே அறிக்கைக்குப் போதும்.

கொடையாளர் விதிக்கும் நிபந்தனை அமைப்பின் நோக்கத்துக்கு மாறாக இருந்தால் அந்நன்கொடையை மறுக்கும் துணிவும் வேண்டும்.

நன்கொடை அளிப்போர் கவனிக்க வேண்டியவை

கொடுப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்பது நல்லது. பணம் அமைப்பின் பெயரில் உள்ள கணக்குக்குச் செல்கிறதா? பதிவு எண்ணும் 80ஜி அனுமதியும் உள்ளனவா? கடந்த ஆண்டுக் கணக்கைப் பார்க்க முடியுமா? பணி நடக்கும் இடத்துக்கு நேரில் செல்ல முடியுமா? வெள்ளம், புயல் காலங்களில் சமூக ஊடகங்களில் பரவும் வேண்டுகோள்களில் உண்மையானவற்றோடு போலியானவையும் கலந்திருக்கும்; தனிநபரின் கைப்பேசி எண் மட்டுமே தரப்பட்டிருந்தால் விசாரித்த பிறகே அனுப்ப வேண்டும். இக்கேள்விகளை அவமதிப்பாகக் கருதாமல், விடைகளை முன்பே எழுதி வைத்திருக்கும் அமைப்புக்கு நன்கொடை கேட்பது எளிதாகிறது.